டோன் திருடி

கிதார் மாஸ்டர் ஞானதுரைக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். கிதாரின் ஒலியை மாற்றித்தரும் அவருடைய ஆம்ப் மாடலர் பெட்டிக்கு லேப்டாப் வழியாக டோன், அதாவது ஒலியின் தன்மை, அமைத்துக் கொடுப்பவள் பிலோமினா. டோனைத் திருடிவிடுவாள் என்று, இரண்டையும் இணைக்கும் ஒரே ஒயரை ஒத்திகைக்கு முன்பே பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கம்பியை மீட்டியதும் கத்தினார். "ஏ புள்ள, லேப்டாப்புல என்னத்த தட்டுன? டோன் தகர டப்பா மாதிரி ஆயிட்டு! பழையபடி ஆக்கு, இல்லன்னா வீட்டுக்குப் போ!"

பிலோமினா பயபக்தியோடு மவுஸை லேசாக நகர்த்தினாள். "இப்ப வாசிங்க மாஸ்டர்."

வாசித்தார். முகம் மலர்ந்தது. குழுவைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியளா? இவதான் கெடுத்திருக்கா. கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

"பிடிச்சிட்டிய மாஸ்டர். அந்த ஒயரை மட்டும் தாங்க, நெசமாவே மாத்தித் தாரேன்."

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.