இரண்டாவது பிரேக்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அப்போதுதான் அரும்பியிருக்க வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன? இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் பல்கீஸ். திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சீடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் சவரிமுத்து. வாலிபம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தவர். அவருக்கா டிரைவிங் ஸ்கூல் என்று தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள்.

விஷயம் இதுதான். சவரிமுத்து ஆக்டிங் டிரைவர். கூப்பிட்டவர்களுக்கு அவர்களுடைய வண்டியை ஓட்டிக் கொடுப்பார். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா புதுக் கார் வாங்கினார். "இனிமே நீங்க எங்க வீட்டு டிரைவர்" என்று நிரந்தரமாகவே வைத்துக்கொண்டார். இந்த வயதில் அப்படி ஒரு வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

அந்த வண்டியில் லேன் அசிஸ்ட் இருந்தது. இண்டிகேட்டர் போடாமல் ரோட்டுக் கோட்டைத் தாண்டினால், ஸ்டியரிங் தானாகவே திரும்பி வண்டியை உள்ளே இழுக்கும். ஆரம்பத்தில் சவரிமுத்து அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை வேளாங்கண்ணி போய் வந்ததிலிருந்துதான் வம்பு. வண்டியில் ஏறியதும் சிலுவை போடுவார், அடுத்த வேலையாக லேன் அசிஸ்டை அணைப்பார். டாக்டரம்மா பார்த்துவிட்டார். "பல்கீஸ்கிட்ட போய்ப் பழகிட்டு வாங்கண்ணே. அதை அணைக்கற டிரைவரை நான் வச்சுக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்.

டிரைவர்கள் கூடும் டீக்கடையிலும் அன்று இதே பேச்சுதான்.

"எங்க முதலாளி வண்டியிலயும் இருக்குண்ணே. மாமியார் மாதிரி, தொட்டதுக்கெல்லாம் தொணதொணக்குது."

"நம்ம ரோட்டுல கோடு எங்கடா இருக்கு? இல்லாத கோட்டுக்கு எதுக்குடா காவல்?"

"வலது இண்டிகேட்டரைப் போட்டே வச்சிரு மாப்ள. வாயைத் திறக்காது."

"போட்டேன்டா! பின்னாடி வந்த லாரிக்காரன், முந்திக்கன்னு நான் வழி விட்டதா நினைச்சு ஏறி வந்துட்டான். உயிர் போய் உயிர் வந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தண்டபாணி என்ற டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "பழனி ரோட்டுல மாடு குறுக்க பாஞ்சுச்சு. நான் மிதிக்கறதுக்குள்ள வண்டியே பிரேக் போட்டுருச்சு. வாயில்லா ஜீவனும் பொழைச்சுது, நானும் பொழைச்சேன். யார் என்ன சொன்னாலும் சரி, தினம் காலையில நான் அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் ஏறுவேன்."

சவரிமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். டாக்டரம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். பல்கீஸிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகலாம் என்று நேரே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். சாவியை மேசைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லுங்க, போயிடறேன்."

"கேளுங்கண்ணே."

"என் கையை ஒரு மெஷின் பிடிச்சு இழுக்குது. அப்போ வண்டி ஓட்டுறது நானா, அதுவா?"

பல்கீஸ் எழுந்தாள். வாசலில் நின்ற ஸ்கூல் வண்டியைக் காட்டினாள். "இன்னிக்கு என் சீட்ல நீங்க உட்காருங்க. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

டிரைவிங் ஸ்கூல் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பழகுகிறவருக்கு ஒரு பிரேக். பக்கத்தில் உட்காருகிற ஆசிரியரின் காலடியில் இன்னொரு பிரேக்.

பழக வந்தவள் தமயந்தி. பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம். பேரத்தில் புலி, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எலி.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் சாக்கடையை நோக்கி ஒதுங்கியது. சவரிமுத்து இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டு நேராக்கினார்.

"கையை எடுங்கண்ணே! எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"சரிம்மா, சரி."

மறுபடி ஒதுங்கியது. மறுபடி தொட்டார். தமயந்தி அவர் விரலைத் தட்டிவிட்டாள். சவரிமுத்து சிரித்துக்கொண்டார்.

பைபாஸ் திருப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ சந்திலிருந்து சட்டென்று வெளியே வந்தது. தமயந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கால் எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. சவரிமுத்துவின் கால் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஆட்டோவை உரசாத குறையாக வண்டி நின்றது.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டு ஆட்டோக்காரன் போய்விட்டான்.

தமயந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் கண்ணை மூடிட்டேன்ண்ணே. நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? எனக்கு வண்டியெல்லாம் சரிப்படாது. நாளையிலேருந்து வரல."

"அட, இதுக்குப் போயா? பயப்படாத தங்கச்சி. பக்கத்துல ஆள் இருக்கோம்ல? மூக்கைத் துடை. வண்டியை எடு."

அவள் எடுத்தாள். திரும்பி வரும்வரை சவரிமுத்துவுக்கு விரலை நீட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. இறங்கும்போது, "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். சவரிமுத்துவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் பல்கீஸ் கேட்டாள். "இன்னிக்கு வண்டி ஓட்டினது யாருண்ணே?"

"இதென்ன கேள்வி? அந்தப் பொண்ணுதான். நான் சும்மா பக்கத்துல இருந்தேன்."

"உங்க கையைத் தட்டிவிட்டாளே, கோவம் வரலையா?"

"கோவமா? பாவம், அதுக்கென்ன தெரியும். பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தா போதாதா?"

"அப்போ அந்தப் புது வண்டி மேல உங்களுக்கு ஏண்ணே இவ்வளவு கோவம்?"

சவரிமுத்து தன் மனைவிக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

"வேளாங்கண்ணி போயிட்டு வர்றப்போ டீச்சரம்மா... மத்தியானச் சாப்பாடு. வெளிய வெயிலு, உள்ள ஏசி. கண்ணு சொருகிடுச்சு. வண்டியில அத்தனை பேரும் தூக்கம். டாக்டரம்மா, அவங்க அம்மா, பச்சைப் புள்ளைங்க. ஸ்டியரிங் வெடுக்குன்னு இழுத்துச்சு. முழிச்சா, எதிர்ல பஸ். ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு மட்டும்தான் தெரியும். அன்னிலேருந்துதான் அதை அணைக்கறேன். என் பக்கத்துல சாட்சி உட்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. மாதா சத்தியமா, அன்னிக்கு நான் அதுக்கு நன்றி சொல்லியிருக்கணும். சனியனேன்னு திட்டிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனுக்கு நன்றி சொல்லி, பல்கீஸ் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "கண்ணு லேசா இழுத்தாலே வண்டியை ஓரங்கட்டித் தூங்கிடுங்கண்ணே. அதை எந்த மெஷினையும் நம்பி விடாதீங்க. டாக்டரம்மாகிட்ட இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன். சாவியையும் கொடுத்துடறேன். கண்ணை மூடினவன் இனிமே ஸ்டியரிங்கைத் தொடலாமா?"

"கண்ணை மூடினவகிட்ட இப்பதான் என்னமோ சொன்னீங்களே?"

"பயப்படாத, பக்கத்துல ஆள் இருக்கோம்னேன்."

"அப்புறம்?"

"வண்டியை எடுன்னேன்."

பல்கீஸ் மேசைமேல் கிடந்த சாவியை அவர் பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்கு உங்க வண்டி உங்ககிட்ட இதைத் தவிர வேற என்னண்ணே சொல்லுச்சு?"