ஏரிக்கடியில் மட்காத படகு

அந்தக் காலத்தில் மரம் தின்னும் புழுவும் பேசும், ஏரித் தண்ணீரும் பேசும். காது கொடுத்துக் கேட்கத்தான் மனிதனுக்குப் பொறுமை கிடையாது.

அக்கரை தெரியாத நன்னீர் ஏரி ஒன்று. கடல் மாதிரியே அலை அடிக்கும். அள்ளிக் குடித்தால் இனிக்கும். கடலைப் போலவே அங்கேயும் பலகை குடையும் புழுக்கள் இருந்தன. ஊசி முனை அளவு ஓட்டையில் நுழைந்து உள்ளேயே கொழுத்துக் கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்குமுன் பலகையில் காதை வைத்து, "உள்ளே யாராவது உண்டா?" என்று கேட்பார்கள். புழுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

படகுக்காரன் மாசானம் தன் தங்கை மாடத்தியை அக்கரைக்குக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சாயங்காலம் முகூர்த்தம். வடக்கே மேகம் கருத்து நின்றது. குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்டான்.

"நிறையப் பேர் இருக்கோம்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "பலகை தாங்காது. காத்து வேற வருது. போகாதய்யா."

மாசானம் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். ஏற்கெனவே தட்டித் தட்டிப் போய், இப்போதுதான் கூடிவந்த கல்யாணம். வேறு படகு தேடினால் முகூர்த்தம் தப்பிவிடும்.

"என்னண்ணே சொல்லுது?" என்று கேட்டாள் மாடத்தி.

"சத்தத்தையே காணோம் தாயி. ஏறு."

அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு ஏது? ஏறி உட்கார்ந்தாள். உறவுக்காரர்களும் ஏறினார்கள்.

நடு ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. முதல் அலைக்குப் படகு முனகியது. அடுத்த அலைக்கு மாடத்தியின் காலடிப் பலகை பொத்துக்கொண்டது.

"அண்ணே, காலு மாட்டிக்கிச்சுண்ணே!"

இழுத்தான். வரவில்லை. தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது. அவன் கையைப் பிடித்திருந்த அவள் கை நழுவியது. படகோடு எல்லாரும் முங்கிப்போனார்கள். மாசானம் மட்டும் துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான்.

ஊர் கூடிக் கேட்டது. "நான் கேட்டேன். அந்தப் புழு வாயே திறக்கல," என்றான் கூசாமல்.

அப்போது அவன் முழங்காலைச் சுற்றி நின்ற தண்ணீர் பேசியது. "புழு உங்கிட்ட சொன்னதையும் கேட்டேன், நீ தங்கச்சிகிட்ட சொன்னதையும் கேட்டேன் மாசானம்."

ஏரி புழுக்களைப் பார்த்துச் சொன்னது: "எல்லாரும் கடலுக்குப் போயிருங்க. இங்க இருந்தா அந்தப் படகையும் தின்னு தீத்துருவீங்க. அது அப்படியே கிடக்கட்டும். இவன் பாக்கணும்."

புழுக்கள் ஆற்றோடு இறங்கிப் போயின. மாசானத்துக்குப் படகோட்டுவதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. தண்ணீர் தெளிந்த நாளெல்லாம் கீழே அந்தப் படகு தெரிந்தது. பாய்மரம் சாயவில்லை, கயிறு இற்றுப்போகவில்லை. அவள் கால் சிக்கிய ஓட்டையும் அப்படியே இருந்தது. அவனுக்குத் தலை நரைத்து முதுகு கூனியது. படகு மட்டும் முங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது.

கடலில் முங்கிய மரக்கலத்தை இன்றும் புழு தின்று தீர்க்கிறது; அன்று முதல் ஏரியில் முங்கியது மட்டும் முங்கிய கோலத்திலேயே நிற்கிறது. படகுக்காரர்களும் நடு ஏரிக்கு வந்ததும் தண்ணீருக்குள் குனிந்து பார்ப்பதில்லை. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம்.