பௌர்ணமிக்குக் காத்திருந்த கூண்டு

புத்தகயாவுக்குப் போய்வந்த ஒருவர் இந்தக் கதையை என் விடுதித் தோழியிடம் சொன்னாராம். அவள் எனக்குச் சொன்னாள். வழியில் எவ்வளவு மாறியதோ, தெரியாது.

புத்தர் ஞானம் பெற்ற இடம் புத்தகயா. அங்கே நிற்கும் அரசமரத்தை வணங்கக் கடல் தாண்டியும் மக்கள் வருகிறார்கள். ஊரையொட்டி ஓடும் ஆற்றின் அக்கரையில் ஒரு முட்புதரில் தினைக்குருவி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. அது இரை தேடிப் போனபோது, ஒரு வரப்பில் கம்பு சிந்திக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கூண்டு. அதற்குள்ளிருந்து ஒரு குருவி பாடியது. குருவி பிடிப்பவன் சிறகைக் கத்தரித்து வளர்க்கும் குருவி அது.

"வா தங்கச்சி, பயப்படாதே. இங்கே யாரும் யாரையும் கொல்றதில்லை."

தாய்க்குருவி இறங்கியது. வலை விழுந்தது.

அது கதறியதைக் கேட்டு வளர்ப்புக் குருவி சிரித்தது. யாத்திரிகர்கள் காசு கொடுத்து வாங்கிக் கோயில் வாசலில் பறக்கவிடுவார்கள், அது அவர்களுக்குப் புண்ணியம் என்று விளக்கியது. முன்பே பிடிபட்ட குருவிகள் தலையாட்டின. இந்தப் பெருமை எத்தனை பறவைக்குக் கிடைக்கும் என்று ஒன்று கேட்டது.

"அப்போ இன்னைக்கே விட்டுடுவாங்களா அக்கா?"

"இன்னைக்கா? பௌர்ணமிக்குத்தான் கூட்டம் வரும்."

"என் குஞ்சுங்க இன்னும் கண்ணே திறக்கலையே."

"நல்ல மனசுள்ளவங்க வர்ற நாள் பார்த்துத்தானே விட முடியும்?"

பௌர்ணமி வந்தது. யாத்திரை வந்த ஒரு பெண் தாய்க்குருவியை இரு கைகளிலும் ஏந்தினாள். எல்லா உயிர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிப் பறக்கவிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

குருவி ஆற்றைக் கடந்து நேரே கூட்டுக்குப் பறந்தது. கூட்டில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் அது வரப்புக்குத் திரும்பி வந்து, வலைக்கு எட்டாத கிளையில் உட்கார்ந்தது.

"என்ன தங்கச்சி, சொன்ன மாதிரி விட்டாங்களா இல்லையா?" என்றது வளர்ப்புக் குருவி.

"விட்டாங்க அக்கா. குஞ்சுங்களுக்குத்தான் பௌர்ணமி வரைக்கும் பசி பொறுக்கலை. உன்னை எப்போ விடுவாங்க?"

வளர்ப்புக் குருவி, தூரத்தில் ஒரு குருவிக் கூட்டம் தெரிந்ததும் மறுபடியும் பாடத் தொடங்கியது.

ஓர் உயிரை முதலில் அடைத்துவைத்தால்தான் கருணை காட்ட முடியும் என்றால், அது கருணை அல்ல.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். இல்லறத்தார் செய்யக் கூடாதென்று புத்தர் விலக்கியதாகப் பாலி நூல்கள் சொல்லும் ஐந்து வணிகங்களில், உயிர்களை விற்பதும் ஒன்று.