அழகுக்குச் சேறு பூசிய மான்

காட்டின் தெற்கு ஓரத்தில் ஒரு சேற்றுக்குட்டை இருந்தது. அதில் எருமைகள் கிடந்தன. வெயில் ஏறினால் இறங்கும். வெயில் சாய்ந்தால் ஏறும். உடம்பெல்லாம் சேறு. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் புள்ளிமான்களுக்கு அதைப் பார்த்தாலே பொறுக்காது. குட்டையின் மறுகரையில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைக் குடிக்கத்தான் மான்கள் தினமும் வரும். குடிக்கிற வாயாலேயே திட்டும்.

"சீ, என்ன நாத்தம்! இதுங்க ஜென்மத்துல குளிக்கவே குளிக்காதா?" என்பான் புள்ளியழகன். அவன்தான் மான் கூட்டத்துக்குத் தலைவன். கொம்பு பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

மற்ற மான்கள் சிரிக்கும். ஏன் சிரிக்கிறோம் என்று ஒன்றுகூட யோசிக்காது. தலைவன் சொன்னால் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவுதான்.

எருமைக் கூட்டத்தில் மூத்தவள் வளைகொம்பி. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, பேர் குட்டைவாலி. போன மழைக்காலத்தில் ஒரு சிறுத்தை அவள் வாலில் பாதியைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் புண் ஆறவே இல்லை. வால் இல்லாத எருமை எதை வைத்து ஈ ஓட்டும்? சேறுதான் அவளுக்கு வால். கனமாகச் சேறு அப்பியிருந்தால் ஈ உட்காராது. சேறு காய்ந்து உதிர்ந்தால் ஈ வரும், முட்டை வைக்கும், புண்ணில் புழு வைக்கும். புழு வைத்தால் அதோடு சரி.

"நம்மள நாத்தம்னு சொல்றான்க்கா" என்றாள் குட்டைவாலி.

"அவன் மூக்கு, அவன் பாடு. நீ புண்ணை நல்லா முக்குடி" என்றாள் வளைகொம்பி.

எருமைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புண் உள்ளவர் முதலில் இறங்க வேண்டும். கடைசியாக ஏறுகிறவர் குட்டையின் அடியைச் சுற்றிச் சுற்றி மிதித்துவிட்டுத்தான் கரையேற வேண்டும். அகலக் குளம்பால் மிதிக்க மிதிக்க அடிமண் இறுகும். இறுகினால்தான் கோடையிலும் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். மிதிப்பது அலுப்பான வேலை. தொடை விட்டுப்போகும். ஆனாலும் ஒரு நாளும் யாரும் மிதிக்காமல் போனதில்லை.

ஒரு நாள் ஒரு கழுதை வந்தது. பொதி சுமந்து முதுகெல்லாம் புண்ணாகி, ஊரை விட்டு ஓடிவந்த கழுதை. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தது. பிறகு கேட்டது.

"அக்கா, நானும் இதுல படுத்துக்கலாமா? முதுகு எரியுது."

"படுத்துக்கோ தம்பி. ஆனா ஒண்ணு, இங்க ஒரு முறை இருக்கு" என்று வளைகொம்பி வழக்கத்தைச் சொன்னாள்.

"நான் மிதிச்சா உங்க மாதிரி வருமா?"

"முதல்ல வராது. மிதி, வரும்."

கழுதை மிதித்தது. முதல் நாள் வழுக்கி விழுந்தது. எருமைகள் விழுந்து விழுந்து சிரித்தன. குட்டைவாலி, "கழுதைக்கு நாலு கால் பத்தலைக்கா, இன்னும் ரெண்டு வச்சுக் குடு" என்றாள். கழுதையும் சிரித்தது. சில நாளில் பழகிவிட்டது. அப்புறம் கழுதை குட்டையில் கிடப்பது யாருக்கும் செய்தியாகவே இல்லை.

இந்த நேரத்தில்தான் புள்ளியழகன் வழுக்கி விழுந்தான்.

தண்ணீர் குடிக்க வந்தவன் கரையில் கால் சறுக்கிச் சேற்றில் ஒரு பக்கமாக விழுந்தான். எழுந்தபோது பாதி உடம்பில் சேறு. அது வெயிலில் காய்ந்து, வெடித்து, புள்ளிகளுக்கு நடுவே கோடு கோடாக நின்றது. கொம்பிலிருந்து ஒரு பாசி தொங்கியது. அவன் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தான். திரும்பிப் பார்த்தான். கழுத்தை நீட்டி இன்னொரு தடவை பார்த்தான்.

"அடேயப்பா, என்ன அழகு!" என்றது பக்கத்து மரத்து மைனா. அந்த மைனாவுக்கு எதையாவது யாரிடமாவது போய்ச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

"ஆமா, நானே யோசிச்சுப் பண்ணினேன். இதுக்குப் பேர் மண்கோலம்" என்றான் புள்ளியழகன்.

யோசித்தானாம். விழுந்தவனுக்கு யோசனை எங்கிருந்து வந்தது? ஆனால் யாரும் கேட்கவில்லை. மறுநாள் எல்லா மான்களும் மண்கோலம் போட்டுக்கொண்டன. காலால் சேற்றைத் தொட்டு விலாவில் கோடு இழுத்துக்கொண்டன. நடு நடுவே பூ ஒட்டிக்கொண்டன. நேற்று வரை மூக்கைப் பொத்தியவர்கள் இன்று "என்ன வாசம், மண் வாசம்" என்றார்கள்.

உண்மையைச் சொன்னால், முதலில் எருமைகளுக்குச் சந்தோஷம்தான்.

"பார்த்தியாக்கா, இப்ப யாரும் நாத்தம்னு சொல்றதில்ல. என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டுப் போறான் ஒருத்தன்" என்றாள் குட்டைவாலி.

"நல்லதுதானே. சேறு என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா? பூசிக்கட்டும்" என்றாள் வளைகொம்பி.

கூட்டம் கூடியது. முயல்கள் வந்தன. மயில்கள் வந்தன. கரை முழுக்க ஆட்டம்தான். எல்லோருக்கும் மேல்சேறு வேண்டும். மெத்தென்று வெண்ணெய் மாதிரி இருக்கும் மேல்சேறு. எடுத்தார்கள், பூசினார்கள், போனார்கள். மிதித்துவிட்டுப் போக ஒருவரும் இல்லை. போதாததற்கு மான்கள் குட்டைக்குள் இறங்கி ஆடின. அந்த ஊசிக் குளம்பு ஒவ்வொன்றும் அடிமண்ணில் ஒரு ஓட்டை போட்டது. எருமைகள் மிதித்து மூட மூட, மான்கள் குத்திக்கொண்டே இருந்தன.

ஒரு நாள் காலை வளைகொம்பி குட்டையில் கால் வைத்தாள். புள்ளியழகன் குறுக்கே வந்து நின்றான்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. நீங்க இறங்கினா சேறு கலங்கிடுது. கோலத்துக்கு மேல்சேறு கலங்காம இருக்கணும்."

வளைகொம்பிக்குக் காதில் விழுந்தது புரிய நேரம் ஆயிற்று.

"எங்க குட்டையில எங்களையே இறங்காதேங்கிறியா?"

"கோபப்படாதீங்க. நாங்க உங்க வழக்கத்தைத்தான் பெருமைப்படுத்துறோம். ஆனா நீங்க பூசுறதுல ஒரு ஒழுங்கு இல்லை பாருங்க. வயித்துல அப்பியிருக்கு, வால்ல அப்பியிருக்கு. பார்க்கவே நல்லாயில்லை. வேணும்னா எங்க பொண்ணுங்க உங்களுக்குச் சொல்லித் தருவாங்க."

"எதைச் சொல்லித் தருவாங்க?"

"சேறு பூசிக்க."

எருமைக்குச் சேறு பூசச் சொல்லித் தருவானாம். இதைக் கேட்டுவிட்டும் வளைகொம்பி முட்டவில்லை. அந்தப் பொறுமையையே தனியாகப் பாராட்ட வேண்டும்.

"என் தங்கைக்குப் புண்ணு. அவ மட்டுமாவது இறங்கட்டும்" என்றாள்.

"புண்ணோடயா? ஐயோ, எல்லாரும் முகத்துல பூசுற சேறு அக்கா அது. சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் ஓரமா வந்துக்கச் சொல்லுங்க."

அப்போது குட்டைவாலி முன்னால் வந்தாள். "டேய், புண்ணு உள்ளவங்கதான்டா இங்க முதல்ல இறங்கணும். அதுதான் முறை."

"அதெல்லாம் பழைய முறைக்கா" என்றான் புள்ளியழகன். பிறகு குரலை உயர்த்தினான், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "சேறு எல்லாருக்கும் பொது. கழுதை படுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம், மான் பூசினா மட்டும் குத்தமாம். இது என்ன நியாயம்?"

"அதானே, இது என்ன நியாயம்?" என்றது மைனா.

"குறுகின மனசு" என்றது ஒரு மயில். கூட்டமே தலையாட்டியது.

கழுதைக்குப் பேச வராது. இருந்தாலும் பேசியது. "நான் கேட்டுட்டுப் படுத்தேன். தினமும் மிதிக்கிறேன். இவங்களை ஒரு நாளும் வெளிய போகச் சொல்லலை. நீங்க கேட்டீங்களா? மிதிச்சீங்களா?"

"கழுதை கத்துது" என்றான் புள்ளியழகன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நியாயம் முடிந்தது.

எருமைகள் முட்டியிருக்கலாம். ஆனால் கரையெல்லாம் முயல் குட்டிகள். ஓடினால் மிதிபடும். அதனால் மரத்தடியில் போய் நின்றன.

கோடை முற்றியது. மிதிக்காத குட்டை தண்ணீரைத் தாங்குமா? ஓட்டை வழியாக எல்லாம் கீழே போய்விட்டது. முதலில் ஓரம் வெடித்தது. அப்புறம் நடுவும் வெடித்தது. மறுகரைப் பள்ளத்தில் மட்டும் மான்கள் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. குட்டைவாலியின் புண் திறந்து கிடந்தது. ஈ மொய்த்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எட்டவில்லை. கழுதை அவள் பின்னால் நின்று தன் வாலால் ஈ ஓட்டியது.

ஒரு மதியம் வளைகொம்பி பொறுமையை விட்டாள். யாரையும் கேட்காமல் குட்டைக்குள் இறங்கினாள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. எருமைகளும் கழுதையும் அந்த இடத்தைச் சுற்றி மிதித்து மிதித்துப் பிசைந்தன. ஒரு கைப்பிடிச் சேறு தேறியது. அதை மூக்கால் தள்ளி, குட்டைவாலியின் புண்ணில் அப்பினாள் வளைகொம்பி.

அப்போது புள்ளியழகன் வந்தான்.

"அக்கா, அந்தச் சேறு கொஞ்சம் கிடைக்குமா? நாளைக்கு மண்கோலத் திருவிழா. ஒரு கொம்புக்கு மட்டும் போதும்."

"என் புண்ணு மேலதான் மிச்சம் இருக்கு. நக்கி எடுத்துட்டுப் போ" என்றாள் குட்டைவாலி.

புள்ளியழகன் முகம் சுளித்தான். அந்த நேரம் ஒரு மாட்டு ஈ அவன் வயிற்றைக் கடித்தது. துள்ளினான். இன்னொன்று காதுக்குள் போனது. தலையை உதறினான். விலாவில் அழகாகக் கோலம் இருந்தது. ஆனால் வயிற்றிலும் தொடையிலும் காதிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அங்கெல்லாம் கடித்துத் தடித்துப் போயிருந்தது.

"இந்த ஈ ஏன்தான் என்னையே சுத்துதோ! உங்க தங்கச்சி மேல இப்ப ஒண்ணுகூட உட்காரலையே?"

"சேறு பூசினா ஈ உட்காராதுடா. அதுக்குத்தானே பூசுறோம்" என்றாள் வளைகொம்பி.

புள்ளியழகன் தன் விலாக் கோலத்தைக் குனிந்து பார்த்தான்.

"சேறு... ஈ ஓட்டவா?"

"பின்னே எதுக்குன்னு நெனச்ச?"

"அழகுக்குன்னு..."

கோடை முழுக்க இந்தக் குட்டையைக் கொண்டாடியவன். திருவிழா வைத்தவன். எருமைக்கே பாடம் எடுக்க வந்தவன். இது எதற்கு என்று ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"பேசவே விடலையேடா நீ" என்றாள் வளைகொம்பி. அதற்கு மேல் அவனோடு பேச அவளுக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் அந்தச் சேறும் உதிர்ந்தது. பிசைய இனி ஈரமே இல்லை. எருமைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றுக்குக் கிளம்பின. குட்டைவாலி நடக்க முடியாமல் நடந்தாள். கழுதை வழியெல்லாம் அவள் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டே போனது. எப்படியோ சேர்ந்தார்கள். ஆற்றங்கரைச் சேற்றில் புண் மெல்ல ஆறியது.

மான்கள் என்ன செய்தன? சேறு தீர்ந்ததும் மண்கோலத்தை மறந்துவிட்டன. முள்ளம்பன்றியின் முள்ளைக் கொம்பில் செருகிக்கொண்டு ஆடின. முள்ளம்பன்றி, "அது என் பாதுகாப்புக்கு" என்று கத்தியது. யார் கேட்டது?

பிறகு மழை வந்தது. குட்டை நிறைந்தது. சில நாளில் வடிந்தது. மறுபடி நிறைந்தது, மறுபடி வடிந்தது. மறுகரையில் மான்கள் குடிக்கும் தெளிந்த தண்ணீரும் அதோடு போனது. அப்போதுதான் புள்ளியழகனுக்குத் தொண்டை காய்ந்தது. மைனாவை ஆற்றுக்கு அனுப்பினான்.

"திரும்பி வரச் சொல்றார். உங்களுக்குப் பெரிய மரியாதை பண்ணுவாராம். வரவேற்புக்கு எல்லாரும் மண்கோலம் போடுவாங்களாம்" என்றது மைனா.

ஆற்றில் முக்கால் உடம்பு முங்கிக் கிடந்த குட்டைவாலி கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

"மரியாதை வேணாம். குட்டையில இறங்கி மிதிக்கச் சொல்லு. வழுக்கி விழுந்தா எழுந்து மறுபடி மிதிக்கச் சொல்லு. ஒரு வருஷம் மிதிச்சுட்டு வந்து பேசட்டும்."

மைனா போய்ச் சொன்னது. "அவ்வளவு வேலையா?" என்றான் புள்ளியழகன். தண்ணீர் தேடி வேறு பக்கம் போனான்.

அடுத்தவர் வழக்கம் பிடித்திருந்தால் கேட்டு வாங்கி, அதிலுள்ள சிரமத்தையும் சேர்ந்து படுகிறவனே அதை மதிக்கிறவன். அழகை மட்டும் எடுத்துக்கொண்டு உரியவரை ஓரத்தில் நிறுத்துகிறவன் எத்தனை திருவிழா வைத்தாலும் பறிக்கிறவன்தான்.