வந்தவர் முன் முதலில் விழுந்த அம்மையார்

கெடில ஆற்றங்கரையில் ஆலங்கரை என்னும் ஊரில், தான்தோன்றீசர் கோவிலுக்கு எதிரேயுள்ள கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்து வந்தவர் அஞ்சலாட்சி அம்மையார். பந்தி முடிந்ததும் இலைகளைக் கூடையில் இட்டு, தரையைக் கழுவித் துடைத்து, குளித்து நீறணிந்து, ஈசன் சந்நிதியில் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து நிற்பார். “சாப்பிட்டவங்களுக்கெல்லாம் வயிறு நெறைஞ்சுது, சாமி” என்று நன்றி சொல்வார். தமக்கென எதையும் கேட்டதில்லை.

கல்யாணம் இல்லாத நாள்களில் அவர் ஆசிரியர். அதே பந்திக் கூடத்தில் தேங்காய் நார் மெத்தைகளைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்பித்தார். தாக்க வருபவரின் விசையை எதிர்க்காமல், அவரோடு சேர்ந்து திரும்பி, அவரைக் காயமின்றித் தரையில் இறக்குவது அக்கலையின் நெறி. ஆகவே அதைக் கற்பவர் எவரும் முதலில் வலியின்றி விழக் கற்கவேண்டும்.

இளமையில் புதுச்சேரியில் ஒரு ஜப்பானிய ஆசிரியையின் வீட்டில் அம்மையார் பாத்திரம் துலக்கினார். அங்கே நடந்த ஐகிடோ பாடத்தைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவரை ஆசிரியை ஒருநாள் உள்ளே அழைத்துத் தம் மணிக்கட்டை நீட்டினார். பணிப்பெண் அதைப் பிடித்துத் திருப்பியதும், ஆசிரியை தாமே உருண்டு விழுந்து எழுந்து, மண்டியிட்டு அவரை வணங்கினார். அதுவரை எவரும் தம்மை வணங்கி அறியாத அம்மையார், அன்று அழுதுவிட்டார். அந்த நன்றியே பின்னாளில் அவருக்கு நியமமாயிற்று. கற்க வருபவர் எவராயினும் அவர் ஈசனே; அவர் கையால் தாம் முதலில் விழுந்து, வணங்கி எழுந்த பின்னரே பாடம். இந்த நியமத்திலிருந்து அவர் ஒருமுறையும் வழுவியதில்லை.

மண்டபத்தின் மேலாளர் கலியமூர்த்திக்கு இது பெரும் வேடிக்கை.

“ஏம்மா அஞ்சலாட்சி, அடிக்கக் கத்துக் குடுக்கறவங்களப் பாத்திருக்கேன். விழறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? நம்ம ஊரு குடிகாரனுங்க ஓசியிலயே கத்துக் குடுக்கறானுங்களே!”

“அவங்க எந்திரிக்கக் கத்துக் குடுக்கறதில்லீங்களே, அண்ணே” என்று சொல்லிவிட்டு, அம்மையார் தரையைத் துடைத்தார்.

ஓர் ஆவணி முகூர்த்தத்தில் பரிமாற ஆள் போதவில்லை. கொதிக்கும் சாம்பார் வாளியை அம்மையார் தூக்கிக்கொண்டார். எவரோ சிந்திய பாயசத்தில் கால் வழுக்கிற்று. வாளியை விட்டுவிட்டு உருண்டிருந்தால் உடம்பு தப்பியிருக்கும். பல்லாண்டுப் பழக்கம் உடம்பை அதற்கே இழுத்தது. ஆனால் இருபுறமும் மக்கள் இலைமுன் அமர்ந்திருந்தார்கள். அம்மையார் வாளியை நிமிர்த்திப் பிடித்தபடியே வெட்டிய மரம்போலச் சாய்ந்தார். சாம்பார் ஒருவர்மேலும் தெறிக்கவில்லை; அவருடைய தோளையொட்டிய காறையெலும்பு முறிந்தது.

“இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா இந்தக் கை வெளங்காது” என்று எச்சரித்து, மருத்துவர் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். விழக் கற்பிப்பவரே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார் என்று ஊர் சிரித்தது. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். அம்மையார் சந்நிதிக்குப் போய், “ஒரு புள்ள மேலயும் படலியே சாமி, அது போதும்” என்றார். ஒரு கையால் மட்டுமே கும்பிட நேர்ந்ததுதான் அவரை வருத்தியது.

ஒரு திங்கட்கிழமை மாலை, மெத்தைகளை எடுத்துவிடும்படி கலியமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஈர வேட்டியும் நெற்றி நிறைய நீறுமாக ஒரு முதியவர் கூடத்திற்குள் வந்தார்.

“விழக் கத்துக் குடுக்கறது இங்கதானேம்மா?”

“யோவ் பெரியவரே, அந்தம்மா கையப் பாத்தியா? கட்டு பிரிச்சப்புறம் வா” என்றார் கலியமூர்த்தி.

“அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுப்பா. வர்றவன் கையால நீங்க மொதல்ல விழுவீங்களாமேம்மா. உண்டா, இல்லியா? இல்லேன்னா சொல்லிடுங்க, போயிடறேன்.”

அம்மையார் கட்டிய கையைப் பார்த்தார். இந்தக் கை போனால் இலை எடுக்கும் பிழைப்பும் போகும். சந்நிதியில் கைகுவிப்பது என்றுமே இல்லையாகும். பணிப்பெண்ணின்முன் விழுந்து வணங்கிய ஆசிரியையை நினைத்தார். பிறகு நல்ல கையை நீட்டினார்.

“உண்டுங்க, ஐயா. புடிச்சுத் திருப்புங்க.”

“அஞ்சலாட்சி, வேணாம்!” என்று கலியமூர்த்தி ஓடிவந்தார்.

முதியவர் மணிக்கட்டைப் பற்றித் திருப்பினார். அம்மையார் விழுந்தார். முறிந்த தோள் தரையைத் தொடுமுன், முதியவர் தாமே மெத்தையில் சரிந்து, அத்தோளைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டதைக் கலியமூர்த்தி கண்டார். பின்பு முதியவர் எழுந்து, மண்டியிட்டு, நெற்றி தார்ப்பாயில் படும்படி அம்மையாரை வணங்கினார்.

“கத்துக்கிட்டேம்மா” என்று சொல்லி, தெருவைக் கடந்து கோவிலுக்குள் சென்றார்.

அவரைத் தொழ அம்மையார் கைகளை உயர்த்தினார். கட்டு நழுவி விழ, இரண்டு கைகளும் தலைக்குமேல் சேர்ந்தன. வலி இல்லை.

கலியமூர்த்தி கோவிலுக்கு ஓடினார். மாலைப் பூசைக்காகக் கருவறையை அப்போதுதான் திறந்த குருக்கள் திகைத்து நின்றார். “காலம்பர நான்தான் சாமிக்குப் புது வஸ்திரம் சாத்தினேன். இதுல எப்படிய்யா இவ்வளவு தேங்கா நாரு?”

கலியமூர்த்தி மண்டபத்துக்குத் திரும்பிவந்தார். செருப்பை வாசலில் விட்டார். தார்ப்பாயின் ஓரத்தில் நின்றார்.

“எனக்கும் கத்துக் குடுப்பீங்களாம்மா?” என்றார்.

அம்மையார் மணிக்கட்டை நீட்டி, அவர் கையாலும் முதலில் விழுந்தார்; வணங்கி எழுந்தார்.

தம்மை நகைத்தவர் முன்னும் ஈசன் முன் விழுவதுபோலவே விழுந்த அஞ்சலாட்சி அம்மையாரின் திருவடிகளை நன்றியோடு நினைப்போமாக.