டார்ச் வெளிச்சத்தை முழுங்குன பாசி

எட்டியப்பனுக்கு அன்னைக்குக் காலையில வேண்டியது ஒரே ஒரு கேன் பாசி. அதைக் கேட்டு வாங்கத்தான் பக்கிரி டீக்கடைக்கு ஓடியாந்தான். ஆனா கேக்கணும்னா வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணுமே! அது அவனுக்குப் பொறந்ததுல இருந்தே ஆகாத காரியம்.

மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒண்ணுல பாசி ரூம் அவன் பொறுப்பு. கண்ணாடி ஜாடியில கடல் தண்ணியை ஊத்தி, விதைப்பாசியை விட்டு, ராவும் பகலும் டியூப்லைட்டைப் போட்டு வளக்கணும். தண்ணி பச்சையாகிக் கெட்டிப்பட்டா, அதான் குஞ்சுக்குத் தீனி. முந்தின நாள் முதலாளிகிட்ட, "லைட்டைக் கூட்டுனா பாசி பாதி நேரத்துல வந்து நிக்கும்"னு அளந்துவிட்டு, ஆபீஸ் லைட்டு, கக்கூஸ் லைட்டு எல்லாத்தையும் கழட்டியாந்து ஜாடியை ஒட்டி மாட்டிட்டான். காலையில பாத்தா பச்சையைக் காணோம். வெந்த பருப்புத் தண்ணி மாதிரி அடியில கிடக்குது. மத்தியானத்துக்குள்ள தீனி இல்லேன்னா குஞ்சும் போச்சு, வேலையும் போச்சு.

இந்தத் தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பாசி செத்தா பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒரு கேன் குடுத்து உதவணும். வாயைத் தொறந்து கேட்டாப் போதும். பக்கத்துக் கம்பெனி பாசிக்காரர் மாசிலாமணி பக்கிரி கடையிலதான் டீ குடிச்சிட்டு இருந்தார். அவர் பைக்குல பச்சைப்பசேல்னு ஒரு கேன் கட்டியிருந்துச்சு.

"என்னாய்யா எட்டி, பாசி எப்படி?"ன்னு பக்கிரி டீ ஆத்திக்கிட்டே கேட்டான்.

செத்துப்போச்சுன்னு சொல்லத்தான் எட்டியப்பன் வாயைத் தொறந்தான். சத்தியமா. ஆனா வந்தது வேற. "பாசியா? கத்தியை வச்சுல்ல அறுக்குறோம்!"

"தண்ணியை எப்படிய்யா அறுப்ப?"ன்னான் ஐஸ் வண்டி ஓட்டுற லோகு.

"அவ்வளவு கெட்டிடா! ஜாடிக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாப்போம்ல, பாசி எவ்வளவு வந்திருக்குன்னு? மத்தவங்க ஜாடியில வெளிச்சம் இந்தப் பக்கம் வந்துடும். நான் அடிச்ச வெளிச்சம் உள்ள போச்சு, வரவே இல்ல. டார்ச்சை அணைச்சுட்டேன். உள்ள மாட்டுனது வழி தெரியாம சுத்திக்கிட்டே கிடக்குது!"

'கேளுடா பாவி, கேனைக் கேளு'ன்னு மனசு கத்துது. வாய் எங்க கேக்குது?

"அப்புறம் அந்த வெளிச்சம் என்னாச்சு?"ன்னான் பக்கிரி.

"கரண்டியால கலக்கிவிட்டேன், கும்முனு வெளிய வந்துச்சு. அன்னைக்கு முழுக்க எங்க கம்பெனிக்குக் கரண்டே தேவைப்படல. மீட்டர் பின்னால ஓடுதுய்யா! கரண்டு ஆபீஸ்காரர் பாத்துட்டு அங்கேயே உக்காந்துட்டார்."

"உக்காராம பின்ன?"ன்னு லோகு தலையில கையை வச்சுக்கிட்டான்.

"புயல் அடிச்சப்போ ஊரே இருட்டு. ஒரு ஜாடியைத் தூக்கி மொட்டைமாடியில வச்சேன். சிங்கப்பூர் போற கப்பல் அதைக் கலங்கரை விளக்கம்னு நெனச்சுக்கிட்டு நேரா எங்க கேட்டுல வந்து நின்னு ஹாரன் அடிக்குது! வாட்ச்மேன் கையெழுத்து வாங்காம உள்ள விடலையே!"

"குஞ்சுங்க எப்படி இருக்கு?"ன்னு மாசிலாமணி மொத தடவையா வாயைத் தொறந்தார்.

இதோ வழி கிடைச்சிடுச்சுன்னு எட்டியப்பன் மனசு துள்ளுச்சு. ஆனா வாய் முந்திக்கிச்சு. "அதையேன் கேக்குறீங்கண்ணே, இந்தப் பாசியைத் தின்னுட்டு மீசை முறுக்குதுங்க. ரெண்டைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கோம். நேத்து வந்த நாய் இன்னும் திரும்பிப் போகல."

மாசிலாமணி டம்ளரை வச்சுட்டு எழுந்தார். "நல்லதாப் போச்சு. உன் பாசி செத்துப்போச்சுன்னு உங்க வாட்ச்மேன் சொன்னாரு. உனக்குத்தான் இந்தக் கேனைக் கொண்டாந்தேன். வேணாம்னா எடுத்துட்டுப் போறேன்."

எட்டியப்பன் அவர் கையைப் புடிச்சான். "அண்ணே அண்ணே! என் பாசி ரொம்பக் கெட்டிண்ணே, குஞ்சுக்குத் தொண்டையில அடைக்குது. அதுல கலக்க உங்க பாசி கொஞ்சம்..."

"கலக்கத் தண்ணிதானே? கடல் எதிர்லதான் கிடக்குது"ன்னு மாசிலாமணி பைக்கை உதைச்சார். வண்டி கிளம்பிடுச்சு.

எட்டியப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் பின்னாலேயே ஓடினான். ஓடிப்போய்க் கேரியரைப் பிடிச்சுட்டான். "செத்துப்போச்சுண்ணே! எல்லாம் செத்துப்போச்சு! லைட்டைக் கிட்ட வச்சு நானே வேகவச்சுட்டேன்!"

ரோட்டுல போன பஸ்ஸே மெதுவாப் போச்சு. லோகுவுக்குச் சிரிச்சதுல டீ மூக்கு வழியா வந்துடுச்சு. மாசிலாமணி வண்டியை நிறுத்தி, கேனை அவுத்து அவன் கையில குடுத்தார். எட்டியப்பன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். குஞ்சும் பொழைச்சுது, வேலையும் பொழைச்சுது.

கேனைத் தூக்கி வெயில்ல புடிச்சுப் பாத்தான். வெளிச்சம் பச்சையா இந்தப் பக்கம் வந்துச்சு.

"பரவால்லண்ணே"ன்னான். "கொஞ்சம் நோஞ்சானா இருக்கு. நம்ம ரூம்ல ஒரு நாள் லைட்டைக் காட்டுனோம்னு வைங்க..."

மாசிலாமணி கையை நீட்டினார்.

"கேனைக் குடு."