உப்புமண்ணில் விழுந்த சிட்டிகை

ஆவாரை என்ற வெள்ளாட்டுக்கு நாணல்குட்டையில் பெரிய அநியாயம் நடந்தது. எருமை மந்தை முழுவதும் கூடி நின்று, அவளைக் கொம்பால் தள்ளிக் கரையை விட்டே துரத்தியது. அவள் யார் பங்குப் புல்லையும் மேயவில்லை. யாரையும் முட்டவில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நோய் இல்லாதவருக்கு எதற்கு மருந்து?"

பதில் யாரிடமும் இல்லை. கொம்பு எல்லோரிடமும் இருந்தது.

நடந்தது இதுதான். காட்டுக்கு அப்பால் ஒரு கோழிப்பண்ணை. அதன் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கத் தெரிந்தவன் செவ்வாயன் என்ற குரங்கு. போன வருஷம் மந்தையின் கிழ எருமை ஒன்று குளம்பு அழுகி, காய்ச்சலில் விழுந்து கிடந்தது. செவ்வாயன் பண்ணையிலிருந்து கோழிகளுக்குப் போடும் வெள்ளை மருந்துப் பொடி ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான். ஐந்தாம் நாள் கிழவர் எழுந்து நடந்தார். ஆவாரையும் அதைக் கண்ணால் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள்.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"விழுந்தவரையே எழுப்புகிற பொடி, நிற்கிறவருக்கு என்னவெல்லாம் செய்யும்? யோசித்துப் பாருங்கள்" என்றான் செவ்வாயன்.

மந்தை யோசிக்கவில்லை. தலையை ஆட்டியது. அன்றிலிருந்து எருமைகள் காலையில் நக்கும் உப்புமண்ணில் தினமும் ஒரு சிட்டிகை பொடி விழுந்தது. பதிலுக்குக் கரையோர அத்திமரம் முழுவதும் செவ்வாயனுக்கு.

பொடி வந்ததும் நடை நின்றது. முன்பெல்லாம் மந்தை பத்து நாளுக்கு ஒரு முறை சேற்றுப்பள்ளத்தை மாற்றும். பழைய பள்ளம் வெயிலில் காய்ந்து சுத்தமாகும். "இனி எதற்கு அலைச்சல்? அதுதான் பொடி இருக்கிறதே" என்றது தலைமை எருமை மொட்டைக்கொம்பன். சாணமும் மூத்திரமும் ஊறிய ஒரே சேற்றில் மந்தை மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தது.

இதைத்தான் ஆவாரையால் பொறுக்க முடியவில்லை.

"கொம்பண்ணே, எருக்கிலையை முதல் நாள் கடித்தபோது எனக்குத் தலை சுற்றியது. தினம் ஒரு கடி கடித்துப் பழகினேன். இப்போது அதுதான் என் காலைச் சாப்பாடு. ஓர் ஆட்டு வயிறே பழகிக்கொள்ளும் என்றால், உங்கள் உடம்பில் ஒளிந்திருக்கிற கிருமி பழகாதா? தினம் ஒரு சிட்டிகை ஊட்டி நாமே அல்லவா அதைப் பழக்குகிறோம்?"

"எருக்கு தின்கிற வாய் மருந்தைப் பற்றிப் பேசுகிறது" என்றான் செவ்வாயன். "எந்தக் காட்டில் படித்தாய், அம்மா?"

மந்தை சிரித்தது.

"படிக்கவில்லை என்றே வைத்துக்கொள். படித்தவன் நீ பதில் சொல். நோய் இல்லாதவருக்கு எதற்கு மருந்து?"

அப்போதுதான் கொம்புகள் பேசின. ஆவாரை பாறைமேட்டுக்குப் போய்த் தனியாக இருந்தாள்.

மழை வந்தது. சேறு இன்னும் குழைந்தது. மொட்டைக்கொம்பனின் தங்கை மயிலி கன்று ஈன்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு காலை அவள் மடி வீங்கிக் கல்லாகிக் கிடந்தது. இரண்டு காம்புகளில் பாலுக்குப் பதில் திரிதிரியாகச் சீழ் வந்தது. கன்று வாய் வைத்தால் வலி தாங்காமல் உதைத்தாள். மந்தையில் பால் கொடுக்க வேறு தாய் இல்லை.

செவ்வாயன் ஒரு கைப்பிடி பொடி கொடுத்தான். அப்புறம் இரண்டு. அப்புறம் நாலு. வீக்கம் அசையவில்லை.

"பொடியில் குறை இல்லை, தலைவரே. இந்த நோய்தான் சரியில்லை" என்றான்.

காட்டுப் பச்சிலை எல்லாம் மேய்ந்தறிந்தவள் ஆவாரைதான் என்று மொட்டைக்கொம்பன் மூச்சு வாங்கப் பாறைமேட்டில் ஏறினான்.

"தங்கச்சி, ஆவாரை..."

"துரத்தும்போது 'ஏய் ஆடே' என்றீர்கள், அண்ணே."

அவன் தலையைத் தொங்கப் போட்டான். இத்தனை நாளும் ஆவாரை மனசுக்குள் சுடச்சுடப் பேச்சுகளைக் கோத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் முள். ஆனால் அவன் பின்னாலேயே கன்றும் தட்டுத் தடுமாறி ஏறி வந்திருந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆவாரை எல்லா முள்ளையும் விழுங்கிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"முதலில் மயிலியக்காவைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். காய்ந்த மேட்டில் நிற்க வேண்டும். மடியைக் கழுவி, கெட்ட பாலைக் கறந்து கொட்ட வேண்டும். கற்றாழைச் சோறும் மஞ்சள் கிழங்கும் நசுக்கித் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை."

"பத்தா?"

"பத்து. ஒரு சிட்டிகை தூவிவிட்டு மரத்தில் ஏறிப் படுக்கிற வேலை இல்லை இது."

"யார் கறப்பது? நமக்கெல்லாம் குளம்புதானே?"

எல்லாக் கண்களும் மெல்ல அத்திமரத்தின் பக்கம் திரும்பின.

"என் கையை ஏன் பார்க்கிறீர்கள்?" என்றான் செவ்வாயன். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இறங்கி வந்தான்.

ஆவாரை கற்றாழையும் கிழங்கும் தேடிக் கொண்டுவந்தாள். எருமைகள் கல்லில் மிதித்து நசுக்கின. செவ்வாயன் கழுவினான், கறந்தான், தடவினான். மூன்றாம் நாள் அவன் முழங்கை வரை மஞ்சள். "நலுங்கு வைத்த மாப்பிள்ளை வருகிறார்" என்று கிழ எருமை கேலி செய்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆறாம் நாள் கன்று வாய் வைத்தபோது மயிலி உதைக்கவில்லை. ஆனால் ஒரு காம்பு காய்ந்தே போய்விட்டது. நாலில் மூன்றுதான் மிஞ்சியது.

மந்தை மறுபடி கூடியது. மொட்டைக்கொம்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆவாரையின் மருந்துதான் மருந்து. பொடியைக் குட்டையில் கொட்டுங்கள். நாளையிலிருந்து எல்லோருக்கும் தினமும் உப்புமண்ணில் கற்றாழை!"

ஆவாரைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"கொட்டாதீர்கள், அண்ணே. அந்தப் பொடிதானே அன்று தாத்தாவை எழுப்பியது? மழை படாத பாறை இடுக்கில் வையுங்கள். கிருமி அதை மறக்கட்டும். பச்சிலைக்கு அடங்காத நோய் ஒரு நாள் வரும், அன்றைக்கு வேண்டும். கற்றாழையும் நோய் வந்தவருக்குத்தான். மற்றவர்கள் பழையபடி பள்ளத்தை மாற்றுங்கள், போதும்."

"அப்படியென்றால் நோய் இல்லாத எங்களுக்கு மருந்தே கிடையாதா?" என்று ஓர் இளம் எருமை குறைப்பட்டுக்கொண்டது.

அதுவரை கன்றை நக்கிக்கொண்டிருந்த மயிலி நிமிர்ந்தாள்.

"அன்று இவள் கேட்டதற்கு நாம் கொம்பைத்தானே காட்டினோம்? பதிலை நான் சொல்கிறேன். சோம்பலுக்காக நல்ல நாளில் தின்று பழகிய மருந்து, நோய் வந்த நாளில் கைகொடுக்காது."